காலி டேப்

சங்கீத மண்டலி அலமாரியிலிருந்து இறக்கிய பழைய குறிப்பேட்டை ரஞ்சன் உரக்கப் படித்துக்கொண்டிருந்தான். குமரவேல் சன்னலோரம் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து எந்த வரி வரப்போகிறது என்று அவருக்குத் தெரியாது. எந்த வரி வந்துவிடக் கூடாது என்பது மட்டும் தெரியும்.

ரஞ்சன் சென்னையிலிருந்து வந்தவன். நெடுங்குளம் வைத்தியநாத பாகவதரைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறான். இருநூறு கீர்த்தனைகளுக்கு மேல் இயற்றிய அந்த மனிதர் ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் வடக்கே பயணப்பட்டார். அறுபத்தைந்தாம் வருஷப் பங்குனியில் செகந்திராபாத்துக்கு வந்து, இந்த மண்டலியில் ஒன்பது நாள் பாடினார். ஊர் திரும்பிய மூன்றாம் மாதம் காலமாகிவிட்டார். அவருடைய கடைசிக் கீர்த்தனை இங்கேதான் பிறந்தது என்று ஒரு பேச்சு உண்டு. அதைத் தேடித்தான் ரஞ்சன் வந்திருந்தான்.

ஊரைச் சுற்றிக் காட்டக் குமரவேலை அனுப்பியவர் மண்டலிச் செயலாளர் அருணாசலம். பாலாநகரில் விமானக் கருவித் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் குமரவேல். செகந்திராபாத்தை ஒட்டிய போலாரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். மாட்டேன் என்று சொல்ல அவரிடம் காரணம் இல்லை. அதாவது, வெளியே சொல்லக்கூடிய காரணம் இல்லை. இரண்டு வாரமாகப் பாகவதர் இறங்கிய ரயில் நிலையம், தங்கிய சத்திரம், பாடிய மண்டபம் என்று எல்லா இடங்களையும் ஒழுங்காகக் காட்டிவிட்டார். ஒரு வீட்டைத் தவிர.

"மார்ச் இருபத்தொண்ணு, ஞாயிறு," என்று ரஞ்சன் படித்தான். "'பாகவதர் அவர்கள் மாலை போலாரம் சென்று, அங்கத்தினர் ஸ்ரீ பக்தவத்சலம் இல்லத்தில், அன்னாரின் பத்தினி வியோகத்துக்குத் துக்கம் விசாரித்தார். அங்கே புதிய கிருதி ஒன்றைப் பாடினார். டேப் ரிகார்டு செய்யப்பட்டது. வருஷம் திரும்பாத துக்க வீட்டில் பாடியது முறையல்ல என்று இரு அங்கத்தினர் ஆட்சேபம் தெரிவித்தனர்.'"

"ஆட்சேபம் இல்லாம இந்த மண்டலியில ஒரு பக்கம் கூட இருக்காது," என்றார் அருணாசலம். "பாட்டை விட சண்டையைத்தான் அக்கறையா எழுதி வச்சிருக்காங்க." சிரித்துக்கொண்டே சொன்னவர், குமரவேலின் முதுகைப் பார்த்ததும் சட்டென்று பேச்சை நிறுத்தினார்.

ரஞ்சன் குறிப்பேட்டிலிருந்து தலையை நிமிர்த்தினான். "சார், உங்க ஆதார் கார்டுல கே.பி. குமரவேல்னு பார்த்தேன். 'பி' யாரு?"

"பக்தவத்சலம்," என்றார் குமரவேல். "எங்க அப்பாதான்."

"அப்ப டேப்?"

"வீட்டுல இருக்கு. தரமாட்டேன்."

இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, மாடிப்படி இறங்கி, ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மத்தியானம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. கனகவல்லி தட்டைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. நாற்பது வருஷக் குடித்தனத்தில், எப்போது கேட்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. கை கழுவிவிட்டு வந்து அவரே சொன்னார்.

அவருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அறுபத்துநாலாம் வருஷம் தீபாவளிக்கு முந்தின வாரம், பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்த ராகவேந்திர ராவின் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து ஒரு டேப் ரிகார்டர் கொண்டுவந்து கொடுத்தார். பட்டாளத்து ஒர்க் ஷாப்பில் ஒயர்லெஸ் மெக்கானிக்காக இருந்த பக்தவத்சலத்துக்கு அதைத் தொட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ராவ் ஒரு டேப்பையும் சேர்த்துக் கொடுத்து, வைத்திருந்து தரச் சொன்னார். அதில்தான் பக்தவத்சலம் தன் மனைவி கமலத்தின் குரலைப் பிடித்தார். அவள் சுவரோரம் நின்றாள், புடவைத் தலைப்பை வாயில் வைத்திருந்தாள், இரண்டு சக்கரங்களும் சுற்றின. குமரவேலுக்கு இவ்வளவும் கண்ணில் நிற்கிறது. அவள் என்ன பேசினாள் என்பது மட்டும் நினைவில் இல்லை. அப்போது அவருக்கு வயது ஐந்து நிறைந்திருக்கவில்லை.

தை மாதம் கமலத்துக்கு விஷக்காய்ச்சல் கண்டது. பதினோரு நாள் படுத்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"பதிமூணாம் நாள் காரியம் ஆனதும் அவரு அந்த டேப்பைப் போட்டு எனக்குக் காட்டினாரு. அப்புறம் தினமும் ஒருதரம் போடுவாரு. அம்மா பேசும், நான் தூங்கிடுவேன்," என்றார் குமரவேல். "பங்குனியில பாகவதர் வந்தாரு. வீடு நிறையக் கூட்டம். ராவ், 'ரிகார்ட் பண்ணுங்க, ரிகார்ட் பண்ணுங்க'ன்னு அவசரப்படுத்தறாரு. இருந்தது ஒரே டேப்பு. நான் வாசல்படியில நின்னு பார்த்தேன், கனகா. அதே டேப்பை மாட்டினாரு. அதே டேப்பு. அம்மா மேலேயே பாட்டைப் பிடிச்சிட்டாரு."

"மாமா கிட்ட கேட்டீங்களா?"

"மறுநாள் கேட்டேன். அம்மாவைப் போடு நைனான்னேன். 'நக்கோ வேலு, வேணாம், இனிமே கேக்காதே'ன்னாரு. அவ்ளோதான். அப்புறம் நான் கேக்கவே இல்ல."

கேட்கவில்லை என்பது அந்த டேப்பை மட்டும் அல்ல. அதற்குப் பிறகு அவர் அப்பாவிடம் எதையுமே கேட்டதில்லை. பள்ளிக்கூடப் படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாம் நடந்தன. ஒரே கூரையின் கீழ் அப்பாவும் பிள்ளையும் ரயில் சிநேகிதர்கள் போல இருந்தார்கள். வேளைக்குச் சோறும் மாதாமாதம் மருந்தும் தவறவில்லை. பேச்சு மட்டும் இல்லை. தொண்ணூறில் பக்தவத்சலம் இறந்தபோது குமரவேல் கொள்ளி வைத்தார், வருஷா வருஷம் திவசமும் தவறாமல் செய்கிறார். செய்ய வேண்டியதைச் செய்கிறவர்கள் எல்லாம் மன்னித்துவிட்டவர்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை.

"சரி, அழிஞ்சதுதான்னா அந்தப் பையனுக்குக் கொடுத்தா என்னாங்க?" என்றாள் கனகவல்லி. "இவ்ளோ வருஷம் அதை ஏன் பீரோவுல பூட்டி வச்சிருக்கீங்க?"

பாலாநகரில் குமரவேல் கைபடாத கருவி கிடையாது. நினைத்திருந்தால் ஒரே நாளில் ஒரு மிஷினைத் தேடிப் பிடித்து அந்த டேப்பை ஓட்டிப் பார்த்திருக்கலாம்.

"ஓரத்துல எங்கேயாவது ஒரு வார்த்தை மிச்சம் இருந்தாலும் இருக்கும்," என்றார். "ஓட்டிப் பார்த்து அதுவும் இல்லன்னு ஆயிட்டா? ஓட்டாத வரைக்கும் இருக்கா இல்லையான்னு தெரியாது. தெரியாம இருக்கறதே எனக்குப் போதும்."

கனகவல்லி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சமையலறையிலிருந்து அவள் குரல் மட்டும் வந்தது. "அப்ப அத்தையை நீங்களும் சேர்ந்துதான் பூட்டி வச்சிருக்கீங்க."

மறுநாள் காலை ரஞ்சன் வந்தான். கையில் கேமரா இல்லை. பாரடைஸ் பக்கம் வாங்கிய உஸ்மானியா பிஸ்கட் பொட்டலம் ஒன்று இருந்தது. அதைக் கனகவல்லியிடம் கொடுத்துவிட்டுக் குமரவேலின் எதிரில் உட்கார்ந்தான்.

"டேப்புக்காக வரல சார். நேத்து அருணாசலம் சார் முன்னாடி உங்க அப்பா பேரைச் சத்தமாப் படிச்சிட்டேன். முதல்ல நானே ஒருதரம் படிச்சுப் பார்த்திருக்கணும். தப்புதான். பாகவதர் இங்க ஒரு வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனாரு, அங்க பாடினாரு, அந்தப் பாட்டு இன்னிக்கு நம்மகிட்ட இல்ல. படத்துல இவ்வளவுதான் சொல்லப்போறேன். வீட்டையும் காட்ட மாட்டேன். நாளைக்குச் சென்னை கிளம்பறேன்."

கனகவல்லி தேநீர் கொண்டுவந்தாள். "பையன் கேக்காமலே போறானே. கேட்டிருந்தா முறுக்கிக்கிட்டு இருந்திருப்பீங்க. இப்ப என்னா பண்ணுவீங்க?" என்றாள் கணவனிடம், ரஞ்சன் இருப்பதையும் பாராமல்.

குமரவேல் அவளை முறைத்தார். அந்த முறைப்புக்கு அவள் பயந்து வெகுகாலம் ஆயிற்று.

பிடிவாதமாகக் கேட்கிறவர்களிடம் இல்லை என்று சொல்வது சுலபம். மன்னிப்புக் கேட்டுவிட்டு எழுந்து போகிறவனிடம் என்ன சொல்வது? ரஞ்சன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. குமரவேல் வெளியே வந்தபோது அவர் கையில் ஒரு சதுர அட்டைப்பெட்டி இருந்தது. நான்கு மூலையும் நைந்து, நூல் கட்டியிருந்தது.

"நானும் வருவேன். என் கண் முன்னாடிதான் ஓட்டணும்," என்றார்.

பழைய டேப்புகளைக் கணினிக்கு மாற்றித் தரும் நஸ்ரினின் ஒலிக்கூடம் மாரேட்பல்லியில், ஒரு பல் மருத்துவமனைக்கு மேல் மாடியில் இருந்தது. வாணியம்பாடிப் பெண், படித்து வேலைக்கு வந்தவள் ஹைதராபாத்திலேயே தங்கிவிட்டாள். பெட்டியைத் திறந்து டேப்பை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்; விரல்நுனியால் ஓரத்தை மெல்லத் தடவினாள்.

"காஞ்சு போயிருக்கு அங்கிள். சுத்தும்போது ஒடிஞ்சா ஒட்டலாம், ஆனா மேல இருக்கற பூச்சு உதிர்ந்தா ஒண்ணும் செய்ய முடியாது. ஒருதரம் நல்லா ஓடும்னு நினைக்கிறேன். ரெண்டாந்தரம் ஓடும்னு சொல்ல மாட்டேன். அந்த ஒருதரத்துலயே எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திடுவேன்."

"ஒரு டேப்புல ஏற்கெனவே இருந்தது மேல வேறொண்ணு பதிஞ்சா…" என்று ஆரம்பித்தார் குமரவேல். பதில் அவருக்கே தெரியும். கருவிகளுக்கு நடுவிலேயே தலை நரைத்தவர். ஆனாலும் கேட்டார்.

நஸ்ரின் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அடியில இருக்கறது போயிடும் அங்கிள். அழிக்கறதுக்குன்னே மிஷின்ல ஒரு முனை இருக்கும், உங்களுக்குத் தெரியாததா. மேல பதியாத இடம் ஏதாவது மிச்சம் இருந்தா, அது மட்டும் நிக்கும்." கொஞ்சம் நிறுத்தி, "யாரு?" என்று கேட்டாள்.

"அம்மா."

நஸ்ரின் ரஞ்சனிடம், "நீ கீழே போய் டீ சாப்பிட்டுட்டு வா. பாட்டை நான் பத்திரமாப் பிடிச்சுத் தரேன்," என்றாள். ரஞ்சன் ஒரு நொடி தயங்கினான். இரண்டு மாதமாக அந்தப் பாட்டைத் தேடி அலைந்தவன் அவன். அதை முதல் தடவை கேட்கிறவர்களில் அவன் இருக்க வேண்டாமா? இருந்தாலும் எழுந்து போனான். அவன் அன்று செய்தது சின்னக் காரியம்தான். சின்னக் காரியங்களுக்குக் கணக்கு வைத்துக்கொள்ள மேலே ஒருவன் இருக்கிறான் என்று நம்புவோம்.

சக்கரங்கள் சுற்றின.

முதலில் இரைச்சல். பிறகு ஒரே சமயத்தில் பலர் பேசும் சத்தம், பாத்திரம் வைக்கும் ஓசை. ராவின் குரல் தெலுங்கு கலந்து அவசரப்படுத்தியது. அதற்கு மேல் வயதான ஒரு குரல், மெதுவாக.

"இதுல முன்னாடி ஏதாவது பிடிச்சு வச்சிருக்கேளா? என் பாட்டுக்காக அது அழிஞ்சுடப் படாது."

பேச்சுச் சத்தம் அடங்கியது. யாரோ இருமினார்கள். குமரவேல் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"காலி டேப்புதாங்க சாமி," என்றது பக்தவத்சலத்தின் குரல். "ஒண்ணும் இல்ல அதுல. நீங்க பாடுங்க."

இளம் குரல். முப்பத்திரண்டு வயது ஆளின் குரல். குமரவேலுக்குத் தெரிந்த நோயாளியின் குரல் அல்ல. 'ஒண்ணும் இல்ல' என்ற இடத்தில் அது கொஞ்சம் இடறியதை, அந்த அறையில் அன்று இருந்தவர்கள் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

எழுபது வயதான பெரியவர் ஒருவர், வருஷம் திரும்பாத வீட்டில் கால் வைக்கக் கூடாது என்று நாலு பேர் சொல்லியும் கேட்காமல், ஆறுதல் சொல்ல வந்திருக்கிறார். இது என் மனைவியின் குரல் என்று சொன்னால் அவர் பாடாமல் எழுந்துவிடுவார். வந்த இடத்தில் துக்கத்தைக் கூட்டிவிட்டோமே என்று மனம் நொந்து போவார். அதைப் பொறுக்காமல்தான் அந்த மனிதர் ஒரு பொய் சொன்னார். பொய்களில் ஒன்றிரண்டைக் கடவுளும் காதில் போட்டுக்கொள்ளாமல் விட்டுவிடுவார். ஆனால் அந்தப் பொய்யின் விலையை அன்று வாசல்படியில் நின்ற ஒரு குழந்தையும் சேர்ந்து கொடுத்தது.

பாகவதர் சகானா ராகத்தில் பாடினார். பக்கவாத்தியம் எதுவும் இல்லை. தொடையில் தட்டும் தாளம் மட்டும். 'அணைந்த விளக்கிலும் நீயன்றோ' என்று எடுத்து, அதே அடியை மூன்று விதமாகத் திருப்பிப் பாடினார். குரல் தளர்ந்திருந்தது. மேல் ஸ்தாயியில் எட்டாத இடத்தில் முயற்சி செய்யாமல், வணங்குவது போலக் கீழே இறங்கிவிட்டார். நஸ்ரின் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். குமரவேல் அந்தப் பாட்டை வெறுக்கத் தயாராகத்தான் வந்திருந்தார். அவரால் முடியவில்லை.

ஆறரை நிமிஷத்தில் பாட்டு முடிந்தது. யாரோ ஒரு பெண் விசும்பினாள். 'கடக்' என்று ஒரு சத்தம். பிறகு இரைச்சல் மட்டும்.

"முடிஞ்சுதா?" என்றார் குமரவேல்.

"டேப் இன்னும் இருக்கு அங்கிள். கடைசி வரைக்கும் ஓட்டலாம்."

ஓடியது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். வெறும் இரைச்சல். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றியது, கீழே பல் மருத்துவரின் இயந்திரம் ரீங்கரித்தது. வலது பக்கச் சக்கரம் கனத்தது, இடது பக்கம் மெலிந்துகொண்டே வந்தது. அம்மா இல்லை. மூன்றாவது நிமிஷத்தில் குமரவேல் அதை ஒப்புக்கொண்டுவிட்டார். எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தார்.

அப்போது மறுபடியும் 'கடக்' என்றது.

"வேலு." அப்பாவின் குரல்தான். மிக அருகில், தணிந்து. யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்பது போல. "ராவுக்குப் பூனாவுக்கு மாத்தலாயிடுச்சு. நாளைக்கு மிஷினை எடுத்துட்டுப் போறாரு. நீ பெரியவன் ஆனதும் கேளு. உங்க அம்மா இதுல பேசினதை நான் அழிச்சிட்டேன். அது பேசினது எனக்கு அட்சரம் தப்பாம ஞாபகம் இருக்கு. மறக்கறதுக்குள்ள சொல்லிடறேன்."

தொண்டையைச் செருமிக்கொள்ளும் சத்தம்.

"முதல்ல, 'என்னா பேசறது?'ன்னு கேட்டா. எதையாவது பேசுன்னேன். 'இந்தப் பொட்டி கிட்டயா?'ன்னா. அங்க சிரிச்சா. கொஞ்ச நேரம் சிரிச்சா. அப்புறம், 'எனக்கு அடுப்புல வேலை இருக்கு'ன்னா. அப்புறம் உன்னைக் கூப்பிட்டா. 'வேலு, சாப்பிட வாடா கண்ணு. ரசம் ஆறிப்போகுது. கால் கழுவிட்டு வா.' நீ வரல. எங்கேயோ ஆடிட்டு இருந்த. மறுபடி கூப்பிட்டா. இந்தத் தடவை இழுத்துக் கூப்பிட்டா. 'வேலூ… சாப்பிட வாடா.'"

குரல் நின்றது. டேப் ஓடிக்கொண்டிருந்தது.

"எனக்கு அவ மாதிரி வரல. இரு, இன்னொருதரம் சொல்றேன்."

அந்த முப்பத்திரண்டு வயது ஆள், குரலை மெலிதாக்கிக்கொண்டு, மனைவி கூப்பிட்டது போலவே கூப்பிடப் பார்த்தார். பாதியில் உடைந்தது. மறுபடி ஆரம்பித்தார். மூன்றாம் தடவை முழுதாக வந்தது.

"அவ்ளோதான் வேலு. வேற ஒண்ணும் பேசல. நான் எதையும் விடல."

'கடக்.'

டேப்பின் வால் சக்கரத்திலிருந்து கழன்று டப் டப் என்று அடித்தது. நஸ்ரின் இயந்திரத்தை நிறுத்தினாள். அவர் முகத்தைப் பார்க்காமல், மேசை மீதிருந்த ஹெட்போனை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள். திரையில் ஓர் இடத்தைக் காட்டினாள். "எல்லாம் ஏறிடுச்சு அங்கிள். இங்க அமுக்கினா அப்பா பேசறது வரும். எத்தனை தரம் வேணும்னாலும் கேளுங்க. பாட்டு வரைக்கும் தனியா வெட்டி ரஞ்சனுக்குக் கொடுக்கிறேன். மீதி உங்க வீட்டுது." எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

குமரவேல் நாலு தரம் கேட்டார். ஐந்தாம் தரம் கேட்கும்போது, எண்பத்தெட்டாம் வருஷத்து ஒரு காலை நினைவுக்கு வந்தது. பக்தவத்சலத்துக்கு அப்போது வாதம் கண்டு ஒரு கை விழுந்திருந்தது. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகனைக் கூப்பிட்டு, குழறிய வாயால், "வேலு, உங்க கம்பெனியில அந்தக் காலத்து டேப் மிஷின் ஒண்ணு கிடைக்குமா? ஒரு நாளைக்குக் கொண்டு வர முடியுமா?" என்று கேட்டார்.

பாகவதர் பாட்டைக் கேட்க ஆசைப்படுகிறார் என்று குமரவேல் நினைத்தார்.

"அதெல்லாம் இப்ப கிடைக்காது," என்று சொல்லிவிட்டு பஸ் பிடிக்கப் போய்விட்டார். அப்பா இரண்டாம் தடவை கேட்கவில்லை. அடுத்த இரண்டு வருஷமும் வாசல் பக்கம் பார்த்தபடியே கட்டிலில் படுத்திருந்தார்.

ஆலையின் ஸ்டோர் ரூமில் கழித்துப் போட்ட டேப் மிஷின் ஒன்று கிடப்பது அன்றே குமரவேலுக்குத் தெரியும். இருந்ததைத்தான் இல்லை என்றார்.

குமரவேல் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் ரஞ்சன் மூன்று டீக் கோப்பைகளோடு நின்றுகொண்டிருந்தான், உள்ளே வரவில்லை. அவனைப் பார்த்து, பாட்டை எடுத்துக்கொள் என்பது போலத் தலையை ஆட்டினார்.

செல்போன் அடித்தது. கனகவல்லி.

"என்னாங்க, ஓட்டினாங்களா? அத்தை இருக்காங்களா அதுல?"

"இல்ல, கனகா. அம்மா இல்ல. நைனாதான் இருக்காரு. பேசினாரு."

மெதுவாக, "என்னா சொன்னாரு?" என்றாள்.

"சாப்பிடக் கூப்பிட்டாரு," என்றார் குமரவேல்.